உடைய வேண்டிய இடம்: உயரமான கான்கிரீட் கட்டடங்களும் நிலநடுக்கத் தணிப்பான்களும்

கூரைக் குளத்து நீர்

2025 மார்ச் 28 அன்று மியான்மரின் மண்டலே நகருக்கு அருகே 7.7 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாங்காக்கில் அடுக்குமாடிகளின் உச்சியிலிருந்த நீச்சல்குளங்கள் ததும்பி, நீர் அருவியாகத் தெருவில் விழுந்தது. கட்டுமானத்தில் இருந்த அரசுத் தணிக்கை அலுவலகத்தின் முப்பது மாடிக்கும் மேற்பட்ட கான்கிரீட் கட்டடம் சில விநாடிகளில் இடிபாடாகி, உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் புதைத்தது. நகரின் மற்ற உயரமான கட்டடங்கள் ஆடின, சிலவற்றில் சுவர்கள் வெடித்தன, ஆனால் நின்றன.

கொட்டிய அந்த நீரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது நீர் பின்தங்கி எதிர்ச்சுவரில் மோதுகிறது. அந்த மோதலில் கட்டடத்தின் அசைவாற்றலில் ஒரு சிறு பங்கு செலவாகிறது. இதையே அளவெடுத்துச் செய்தால் அதற்குப் பெயர் நீர்த்தொட்டித் தணிப்பான். நீச்சல்குளத்தை யாரும் அப்படி அளவெடுத்துக் கட்டவில்லை என்பதால் அதன் உதவி தற்செயலானது, அற்பமானது. இருந்தாலும் இந்தக் கட்டுரையின் கேள்வி அந்த நீரிலேயே தொடங்குகிறது. தணிப்பான் பொருத்திய உயரமான கான்கிரீட் கட்டடம் நிலநடுக்கத்தில் உண்மையிலேயே காக்கப்படுகிறதா? காக்கப்படுகிறது என்றால், எதிலிருந்து?

மனை விற்பனை விளம்பரங்களிலும் அறிவியல் செய்திகளிலும் இதற்கு ஐயமற்ற ‘ஆம்’ கிடைக்கிறது. கட்டமைப்புப் பொறியியல் தரும் பதில் அவ்வளவு நேரானதன்று. பெரிய நிலநடுக்கத்தில் கான்கிரீட் கட்டடம் எங்காவது உடைந்தே தீரும். உடையக்கூடிய இடத்தை முன்கூட்டியே தேர்ந்து, அங்கே கான்கிரீட்டுக்குப் பதிலாக உழைக்கும் ஒரு கருவியை வைப்பதே தணிப்பானின் பணி என்பது என் வாதம். இடம் தவறினால் கருவி வெறும் சுமை.

வரவும் செலவும்

ஊஞ்சலில் ஆடுபவரைத் தாளம் தவறாமல் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஆட்டம் கூடுகிறது. நிறுத்த வேண்டுமென்றால் காலைத் தரையில் உரசவேண்டும். உரசலில் அசைவு வெப்பமாக மாறிச் செலவாகிறது. அந்தச் செலவுதான் தணிப்பு. ஊஞ்சல் கீழே வரும்போது வேகம் அதிகம் என்பதால் அங்கே உரசினால் பயன் மிகுதி. உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது உரச எதுவும் இல்லை. கால் தரைக்கு எட்டாத உயரமான ஊஞ்சலில் எவ்வளவு வலுவான கால் இருந்தும் பயனில்லை. இந்தக் கடைசிச் செய்தி பின்னால் தேவைப்படும்.

நிலம் குலுங்கும்போது கட்டடத்துக்குள் ஆற்றல் வரவாகிறது. கட்டடம் வளைந்து நிமிர்வது அந்த ஆற்றலைக் கைமாற்றி வைத்துக்கொள்வது மட்டுமே. கணக்கு தீரச் செலவு வேண்டும். கான்கிரீட் கட்டடத்துக்கு இயற்கையாக அமைந்த செலவு வழிகள் மூன்று: நுண்விரிசல்களின் உரசல், தடுப்புச் சுவர்களின் உராய்வு, அதிர்வு முற்றும்போது உள்ளிருக்கும் கம்பிகள் நீண்டு வளைவது. மூன்றாவது வழிதான் பெரும் செலவாளி. கான்கிரீட் தன்னைக் காயப்படுத்திக்கொண்டுதான் தன்னைக் காக்கிறது என்பதையே அது சொல்கிறது.

வடிவமைப்பு விதிகள் இந்த இயற்கைத் தணிப்பை வழக்கமாக 5 சதவீதம் என்று எடுத்துக்கொள்கின்றன. மாறுநிலைத் தணிப்பு, அதாவது ஆட்டமே இல்லாமல் பழைய நிலைக்குத் திரும்ப வைக்கும் அளவு, 100 என்றால் அதில் 5 என்று பொருள். உயரமான கட்டடங்களில் நேரடியாக அளந்தால் கிடைப்பது இதைவிடக் குறைவு. பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதத்தை ஒட்டியே வருகிறது. உயரம் கூடக்கூட மேலும் இறங்குகிறது. கட்டடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு குறைவாகவே அதற்குச் சொந்தச் செலவு வழி இருக்கிறது. தணிப்பானுக்கான முதல் நியாயம் இது.

எவ்வளவு கூடுதல் தணிப்பு எவ்வளவு பயன் தரும்? இந்திய நிலநடுக்க விதி ஐ.எஸ். 1893-இன் 2002 பதிப்பில் ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. 5 சதவீதத் தணிப்பில் கட்டடத்தின் மீதான தாக்கத்தை 1 என்று கொண்டால், 2 சதவீதத்தில் அது 1.4, 10 சதவீதத்தில் 0.8; 20-இல் 0.6, 30-இல் 0.5. இரண்டிலிருந்து பத்துக்கு ஏறினால் தாக்கம் நாற்பது சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. இருபதிலிருந்து முப்பதுக்கு ஏறினால் குறைவது ஆறில் ஒரு பங்குதான். முதலில் சேர்க்கும் தணிப்புக்கே மதிப்பு அதிகம். அதிகத் தணிப்பான், அதிகப் பாதுகாப்பு என்ற விற்பனைக் கணக்கு இந்த அட்டவணை முன் நிற்காது.

அட்டவணை சொல்லாத ஒன்றும் உண்டு. தணிப்பு ஒவ்வொரு ஆட்டத்திலும் சிறிது சிறிதாகச் செலவழிக்கும் வேலை. அதற்கு ஆட்டங்கள் பல வேண்டும். நிலப்பிளவுக்கு மிக அருகில் இருக்கும் கட்டடத்துக்குச் சில வேளை ஒரே ஒரு பெரிய உந்துதல் வந்துவிடுகிறது. அதைத் தணிக்க நேரமே இருப்பதில்லை. தொலைவிலிருந்து வரும் நிலநடுக்கம் வேறு மாதிரி. குறுகிய அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துபோக, நீண்ட மெதுவான அலைகள் மட்டும் வந்து சேர்ந்து நிமிடக்கணக்கில் நீடிக்கின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டபோது சென்னையில் மாடிக் கட்டடங்களில் இருந்தவர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். தோராயமாக மாடிக்கு 0.1 விநாடி என்று கணக்கிட்டால் முப்பது மாடிக் கோபுரத்தின் அதிர்வுக்காலம் 3 விநாடி. அந்த மெதுவான அலைகள் உயரமான கட்டடத்தோடு தாளம் சேர்கின்றன. தணிப்பான் தன் முழுத் திறமையைக் காட்டும் களம் இதுதான்.

மனாகுவாவின் இரண்டு வங்கிகள்

தணிப்பான் என்ற கருவிக்கு முன்பே அந்தச் சிந்தனை ஒரு கான்கிரீட் கட்டடத்தில் உருக்கொண்டிருந்தது. நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 18 மாடிகள் கொண்ட பாங்கோ தெ அமெரிக்கா கட்டடத்தைச் சீன-அமெரிக்கப் பொறியாளர் டி.ஒய். லின் வடிவமைத்தார். நடுவே ஒரே பெரிய கான்கிரீட் கூடு என்று வைக்காமல், நான்கு சிறு கூடுகளாகப் பிரித்து, அவற்றை ஒவ்வொரு மாடியிலும் குட்டையான உத்தரங்களால் பிணைத்தார். சாதாரண காற்றிலும் சிறு நடுக்கத்திலும் நான்கும் ஒன்றாகச் சேர்ந்து விறைப்பாக நிற்கும். பெரிய நிலநடுக்கம் வந்தால் முதலில் இணைப்பு உத்தரங்கள் உடையட்டும். உடைந்தபின் நான்கும் தனித்தனியாக மென்மையாக ஆடட்டும் என்பது திட்டம். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பி செய்யும் வேலையை உத்தரத்திடம் ஒப்படைத்தார் என்று சொல்லலாம்.

1972 டிசம்பர் 23 அதிகாலை வந்த நிலநடுக்கத்தில் மனாகுவா நகரின் நடுப்பகுதி பெரும்பாலும் அழிந்தது. பாங்கோ தெ அமெரிக்கா நின்றது. இணைப்பு உத்தரங்களில் விரிசல் விழுந்திருந்தது. தூண்களிலும் கூடுகளிலும் பெரும் சேதம் இல்லை. மிக அருகிலேயே இருந்த 15 மாடி மத்திய வங்கிக் கட்டடம் கடும் சேதமடைந்தது. அதன் கூடுகள் ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்ததால் கட்டடம் முறுக்கிக்கொண்டது. ஒரே மண், ஒரே குலுக்கல், ஏறத்தாழ ஒரே உயரம். கட்டமைப்புப் பொறியியல் வகுப்புகளில் இந்த இணை இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணம் அதுதான்.

லின் பின்னர் வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் பேரத்தின் விலையும் தெரிகிறது. நான்கு கூடுகளும் ஒன்றாக இருந்தபோது அதிர்வுக்காலம் 1.3 விநாடி, பிரிந்தபின் 3.3 விநாடி. அடித்தளத்தில் விழும் கிடைவிசை ஏறக்குறைய பாதியாகிறது. உச்சியின் நகர்வோ இரு மடங்காகிறது. விசை குறைந்ததற்கு நகர்வைக் கூலியாகக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. மேலும் உடைந்த உத்தரத்தைக் கொத்தி எடுத்துப் புதிதாக வார்ப்பது எளிதன்று. அடுத்த நிலநடுக்கம் அதற்குள் வந்துவிட்டால் ஃபியூஸ் ஏற்கெனவே போயிருக்கும்.

நான் தணிப்பானை இந்த வங்கியின் வாரிசாகவே பார்க்கிறேன். இடத்தேர்வு லின்னுடையதே. அந்த இடத்தில் ஒருமுறை உடையும் கான்கிரீட்டுக்குப் பதிலாகப் பலமுறை உழைக்கும் எஃகையோ எண்ணெயையோ ரப்பரையோ வைப்பதுதான் புதிது.

உருண்டையின் புகழ்

பொதுமக்கள் மனத்தில் தணிப்பான் என்றால் தைபே 101 கோபுரத்தில் தொங்கும் மஞ்சள் உருண்டைதான். 508 மீட்டர் கட்டடம், 87ஆம் மாடிக்கும் 92ஆம் மாடிக்கும் இடையே எஃகு வடங்களில் தொங்கும் 660 டன் எஃகு உருண்டை, 5.5 மீட்டர் விட்டம். பார்வையாளர்கள் கட்டணம் செலுத்திப் பார்க்கிறார்கள், பொம்மை வாங்கிப் போகிறார்கள். நிலநடுக்கத்திலிருந்து கோபுரத்தைக் காக்கும் உருண்டை என்று அதைப் பற்றி எழுதாத பத்திரிகை குறைவு.

அது முதன்மையாகக் காற்றுக்கான கருவி. 2015 ஆகஸ்டில் சவுடலார் சூறாவளியின்போது உருண்டை ஒரு மீட்டர் வரை ஊசலாடியது. மேல்மாடியில் இருப்பவர்களுக்குத் தலைசுற்றாமல் பார்த்துக்கொள்வதே அதன் அன்றாடப் பணி. நிலநடுக்கத்தில் அது பெரிதாக உதவாததற்கு இயற்பியல் காரணங்கள் உண்டு. உருண்டையின் எடை கட்டட எடையில் ஒரு சதவீதத்தையும் எட்டுவதில்லை. அது கட்டடத்தின் முதல் அதிர்வுக்காலத்துக்கு மட்டும் இசை கூட்டப்பட்டது. நிலநடுக்கமோ இரண்டாம், மூன்றாம் அதிர்வு வடிவங்களையும் எழுப்பிவிடும். ஊசல் வேகம் பிடிக்கச் சில ஆட்டங்கள் ஆகும். காற்று மணிக்கணக்கில் காத்திருக்கும்; நிலநடுக்கத்தின் உச்சம் அதற்குள் முடிந்திருக்கலாம்.

கான்கிரீட்டுக்கு இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. விரிசல் விழ விழக் கான்கிரீட்டின் விறைப்பு இறங்குகிறது. விறைப்பு பாதியானால் அதிர்வுக்காலம் 1.4 மடங்காகும். ஊசல் பழைய தாளத்திலேயே இருக்கும். அதாவது கட்டடத்துக்கு உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் உதவியாளர் சுருதி விலகிவிடுகிறார். (தைபே 101 கான்கிரீட் கட்டடமும் அன்று, கீழ்ப்பகுதியின் பெருந்தூண்கள் கான்கிரீட் நிரப்பிய எஃகுப் பெட்டிகள். எடுத்துக்காட்டாக அது அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்டுவிட்டது.)

இதற்கு விதிவிலக்கு உண்டு என்பதையும் சொல்லவேண்டும். டோக்கியோவின் ஷின்ஜுகு மிட்சுயி கட்டடத்தின் கூரையில் 2015-இல் தலா 300 டன் எடையில் ஆறு ஊசல்களைத் தொங்கவிட்டார்கள். மொத்தம் 1,800 டன். நெடுந்தொலைவு நிலநடுக்கத்தின் நீண்ட அலைகளையே குறிவைத்த ஏற்பாடு அது. எடையை அந்த அளவுக்கு உயர்த்தினால் ஊசல் நிலநடுக்கத்திலும் பயன்படும். ஆனால் அதுவும் எஃகுக் கட்டடம். அந்தச் சுமையை உச்சியில் ஏற்றும் வாய்ப்பு எல்லாக் கட்டடத்துக்கும் வாய்க்காது.

வேலைப்பிரிவினையைத் தெளிவாகக் காட்டுவது சான்பிரான்சிஸ்கோவின் ஒன் ரின்கன் ஹில். 195 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் கோபுரம்; உச்சியில் ஏறக்குறைய 1.9 லட்சம் லிட்டர் நீர்த்தொட்டி. அது காற்றுக்காக. நிலநடுக்கத்துக்கு நடுக்கூட்டிலிருந்து வெளித்தூண்களுக்குப் போகும் சாய்வு எஃகுத் தாங்கிகள் இருக்கின்றன. இழுத்தாலும் அழுத்தினாலும் நெளிந்து ஒடியாமல் நெகிழ்ந்துகொடுக்க எஃகைச் சுற்றி உறையிட்டவை அவை. ஒரே கட்டடத்தில் இரண்டு எதிரிகளுக்கு இரண்டு கருவிகள். தொட்டி புகழ்பெற்றது, தாங்கிகளைப் பொறியாளர்கள் மட்டும் அறிவார்கள்.

கால் தரைக்கு எட்டுமா?

ஊஞ்சலுக்குத் திரும்புவோம். தணிப்பான் எந்த வகையானாலும், அதன் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று நகர்ந்தால்தான் வேலை செய்யும். பைக்கின் ஷாக் அப்சார்பர் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இருப்பதால் உழைக்கிறது. சட்டத்திலேயே இரு முனைகளையும் பொருத்தினால் சும்மா இருக்கும். ஆகவே உயரமான கான்கிரீட் கட்டடத்தில் எந்த இரண்டு புள்ளிகள் ஒன்றுக்கொன்று நகர்கின்றன என்பதுதான் முதல் கேள்வி.

தூணும் உத்தரமும் மட்டும் கொண்ட சட்டகக் கட்டடத்தில் விடை எளிது. ஒவ்வொரு மாடியும் கீழ்மாடிக்கு மேல் சீட்டுக்கட்டுபோல் வழுக்குகிறது. இந்திய விதி மாடி உயரத்தில் 0.004 பங்கு வரை இந்த வழுக்கலை அனுமதிக்கிறது. 3 மீட்டர் மாடிக்கு 12 மில்லிமீட்டர். பெரிய நிலநடுக்கத்தில் இன்னும் கூடும். மூலைக்கு மூலை சாய்வாக ஒரு தணிப்பானை வைத்தால் அதற்குப் போதிய நகர்வு கிடைக்கும். மாண்ட்ரியலில் கன்கார்டியா பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில் 1990களின் தொடக்கத்தில் இதைச் செய்தார்கள். பத்து மாடிக் கான்கிரீட் சட்டகத்தில் 143 உராய்வுத் தணிப்பான்கள். போல்ட்டால் இறுக்கிய எஃகுத் தகடுகள் குறித்த விசைக்கு மேல் போனால் ஒன்றன்மீது ஒன்று வழுக்கும். அவ்வளவுதான் அதன் தத்துவம். இதை உருவாக்கிய அவ்தார் பால் அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். இதே வகைத் தணிப்பான்கள் குர்கானில் லா கார்டீனியா என்ற 18 மாடிக் குடியிருப்புக் கோபுரங்களுக்கும் வந்தன. 2000ஆம் ஆண்டு உலக நிலநடுக்கப் பொறியியல் மாநாட்டில் அதுபற்றிய கட்டுரை வெளியானது.

முப்பது நாற்பது மாடிகளைத் தாண்டினால் கான்கிரீட் கட்டடத்தின் உடலமைப்பே மாறுகிறது. லிஃப்டையும் படிக்கட்டையும் சுற்றிய கூடும் வீடுகளைப் பிரிக்கும் வெட்டுச்சுவர்களும் பாரம் சுமக்கின்றன. இப்படிப்பட்ட கட்டடம் சீட்டுக்கட்டாக வழுக்குவதில்லை. மூங்கில் கழிபோல் வளைகிறது. மேல்மாடிகளில் தெரியும் நகர்வின் பெரும்பகுதி கீழே ஏற்பட்ட வளைவால் மாடி முழுதும் சாய்ந்துபோவது. அந்தச் சாய்வில் மாடியின் நான்கு மூலைகளும் சேர்ந்தே போகின்றன. மூலைக்கு மூலை வைத்த தணிப்பானுக்குச் சில மில்லிமீட்டர்கூடக் கிடைக்காமல் போகலாம். கால் தரைக்கு எட்டவில்லை. சட்டகக் கட்டடத்தில் வெற்றிபெற்ற அமைப்பை அப்படியே கான்கிரீட் கோபுரத்துக்குப் பெயர்த்தால் பணம்தான் கரையும்.

வளையும் கழியில் நகர்வு எங்கே இருக்கிறது? இரண்டு இடங்களைப் பொறியாளர்கள் கண்டெடுத்தார்கள்.

ஒன்று, கூட்டுக்கும் வெளித்தூண்களுக்கும் இடையே. கூடு வளையும்போது அதிலிருந்து நீட்டிய கைபோன்ற சுவரின் நுனி மேலும் கீழும் போகிறது. கையை வெளித்தூணோடு இறுகப் பிணைப்பது பழைய முறை. பிணைக்காமல் இடையே எண்ணெய்த் தணிப்பானைச் செங்குத்தாக வைப்பது புதிய முறை. மணிலா பெருநகரில் 60 மாடிகள் கொண்ட செயின்ட் பிரான்சிஸ் ஷாங்ரி-லா இரட்டைக் கான்கிரீட் கோபுரங்களில் அரூப் என்ற பொறியியல் நிறுவனம் இதைச் செய்தது. கோபுரத்துக்கு 16 தணிப்பான்கள். முதன்மை நோக்கம் சூறாவளிக் காற்று. சேர்ந்த தணிப்பால் வடிவமைப்புக் காற்றுவிசை குறைந்து, கான்கிரீட்டும் கம்பியும் மிச்சமாயின. நிலநடுக்க நாடான பிலிப்பைன்சிலும் இந்தக் கருவி பணத்தை மீட்டது காற்றுக் கணக்கில் என்பது கவனிக்கத்தக்கது.

மற்றொன்று லின் தேர்ந்த அதே இடம், சுவர்களை இணைக்கும் உத்தரம். ஒரு சிறு கணக்கு போடலாம். இரண்டு சுவர்களின் மையங்களுக்கு இடையே 8 மீட்டர். நடுவே 2 மீட்டர் வாசல். கட்டடம் 0.5 சதவீதம் சாய்ந்தால் உத்தரத்தின் இரு முனைகளும் மேல்கீழாக 40 மில்லிமீட்டர் விலகும். 2 மீட்டர் நீளத்தில் 40 மில்லிமீட்டர் என்பது 2 சதவீதச் சாய்வு. கட்டடத்தின் சாய்வைப்போல் நான்கு மடங்கு. நகர்வு தானாகவே பெருகிச் சேரும் இடம் இது. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டின் கிறிஸ்டோபுலோஸும் மைக்கேல் மான்ட்கொமரியும் அந்த உத்தரத்துக்குப் பதிலாக எஃகுத் தகடுகளுக்கு இடையே பிசினும் ரப்பரும் கலந்த தன்மையுள்ள அடுக்குகளை ஒட்டிய தணிப்பானை உருவாக்கினார்கள். அந்நகரின் அறுபது மாடி தாண்டிய ஒய்.சி. குடியிருப்புக் கோபுரத்தில் அது பொருத்தப்பட்டது. உச்சி மாடியின் இடத்தை அடைத்துக்கொள்ளாதது அதன் வணிகக் கவர்ச்சி. இங்கும் உடனடித் தேவை காற்றுதான். ஆனால் கடும் நிலநடுக்கத்தில் எஃகுப் பகுதி நெகிழ்ந்துகொடுத்து ஃபியூஸாக மாறும்படி வடிவம் தரமுடியும். மனாகுவாவின் உத்தரத்துக்கு ஐம்பது ஆண்டுகளில் கிடைத்த மறுபிறப்பு என்று இதைக் கருதுகிறேன்.

சான்றுகளை நிறுத்துப் பார்த்தால்

உண்மையான நிலநடுக்கங்கள் என்ன சாட்சி சொல்கின்றன? மிகத் தெளிவான சாட்சி ஜப்பானிலிருந்து வருகிறது. 2011 மார்ச் 11 அன்று தொஹோகு நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து ஏறக்குறைய 770 கிலோமீட்டர் தள்ளி ஒசாகாவில் 256 மீட்டர் உயரமுள்ள சாகிஷிமா அரசுக் கட்டடம் பத்து நிமிடம் ஆடியது. தரைத்தளத்தில் நடுக்கம் மிதமானதே. உச்சியிலோ ஒரு பக்கமாக 1.37 மீட்டர். கட்டடத்தின் தாளமும் அடியிலுள்ள மண்ணின் தாளமும் ஒத்துப்போனதன் விளைவு. அதே நாளில் டோக்கியோவின் ஷின்ஜுகு சென்டர் கட்டடத்தின் உச்சி 54 சென்டிமீட்டர் நகர்ந்தது. இரண்டாண்டுக்கு முன் அதில் 288 எண்ணெய்த் தணிப்பான்களைச் சேர்த்திருந்தார்கள். அவை இல்லாதிருந்தால் நகர்வு 70 சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும் என்று பின்னாய்வு காட்டியது. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விளம்பரங்கள் சொல்லும் ‘பாதியாகும்’ என்பதைவிட இது அடக்கமான எண். எனக்கு நம்பிக்கை தருவதும் இந்த அடக்கம்தான். இந்த இரண்டும் எஃகுக் கட்டடங்கள் என்பதை மறக்கக்கூடாது.

கான்கிரீட் தரப்பில் அடிக்கடி முன்வைக்கப்படும் சாட்சி சிலியின் சாண்டியாகோவிலுள்ள டைட்டானியம் லா போர்டாடா. 52 மாடிகள், உலோகத் தணிப்பான்கள் கொண்டது. 2010 பிப்ரவரி 27 அன்று 8.8 அளவுள்ள நிலநடுக்கம் வந்தபோது கட்டி முடியும் தறுவாயில் இருந்தது, தாங்கி நின்றது. தணிப்பான்களின் வெற்றி என்று இதைக் கொண்டாடுவதில் ஒரு தர்க்கப்பிழை இருக்கிறது. தணிப்பானே இல்லாத சாண்டியாகோவின் உயரமான கான்கிரீட் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவையும் அன்று நின்றன. சிலியில் சுவர்கள் ஏராளம். கட்டட மரபே அப்படி. தோற்ற கட்டடங்கள் சொல்லும் பாடம் வேறு. கன்செப்சியோனில் புதிதாகக் கட்டிய 15 மாடி ஆல்டோ ரியோ குடியிருப்பு மல்லாந்து விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். மெல்லிய சுவர்கள், சுவர் ஓரங்களில் கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் வளையங்கள் போதாமை ஆகியவற்றையே ஆய்வாளர்கள் சுட்டினார்கள். அடுத்த ஆண்டு சிலி தன் விதிகளைத் திருத்தியபோது இந்தச் சுவர்களின் மீதும் கை வைத்தது.

அப்படியானால் தணிப்பான் வேண்டாமா? மறுதரப்பின் மிக வலுவான வாதம் நியூசிலாந்திலிருந்து வருகிறது. 2011 பிப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரில் நிலநடுக்கத்தால் 185 பேர் இறந்தனர். அவர்களில் 115 பேர் சி.டி.வி. என்ற ஒரே கான்கிரீட் கட்டடத்தில். மற்ற நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் பெரும்பாலானவை விதி கேட்டதைச் செய்தன: உத்தரங்களில் கம்பி நீண்டது, விரிசல் விழுந்தது, ஆட்கள் உயிரோடு வெளியேறினார்கள். அதன்பின் நகர மையத்தின் பலமாடிக் கான்கிரீட் கட்டடங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இடிக்கப்பட்டன. 26 மாடி கிராண்ட் சான்சலர் ஹோட்டலும் அவற்றில் ஒன்று. நீண்ட கம்பியில் இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று யாராலும் உறுதி கூறமுடியவில்லை. பழுது பார்ப்பதைவிட இடிப்பது மலிவாக இருந்தது. உயிர் காத்த வடிவமைப்பு நகரைக் காக்கவில்லை. நகர மையம் ஆண்டுக்கணக்கில் வெறிச்சோடியது. கழற்றி மாற்றக்கூடிய ஒரு கருவியில் சேதத்தை ஒதுக்கிவிடும் முறைக்கு அந்நாட்டில் ஆதரவு பெருகியதற்கு இந்த அனுபவமே காரணம்.

ஆகத் தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாம் கேள்விக்கு விடை உருவாகிறது. நன்றாகக் கட்டிய கட்டடத்தில் தணிப்பான் காப்பது பெரும்பாலும் உயிரைவிடக் கட்டடத்தின் பின்வாழ்வை: மறுநாள் மருத்துவமனை திறப்பதை, குடியிருப்பவர் வீடு திரும்புவதை. மோசமாகக் கட்டிய கட்டடத்தில் அது இரண்டையும் காக்காது.

சான்றிதழும் சந்தேகமும்

கருவி என்றால் அதற்குத் தயாரிப்பாளர் உண்டு, சோதனைத் தாள் உண்டு, ஏமாற்றும் உண்டு. 2018 அக்டோபரில் ஜப்பானின் கே.ஒய்.பி. நிறுவனம் தன் எண்ணெய்த் தணிப்பான்களின் சோதனைத் தரவுகளைத் திருத்தியதாக ஒப்புக்கொண்டது. ஐயத்துக்குரியவை என்று அறிவிக்கப்பட்டவை 986 கட்டடங்கள். மூன்றாண்டுக்கு முன் டோயோ டயர் நிறுவனம் அடித்தள ரப்பர்த் தாங்கிகளில் இதே தவற்றில் சிக்கியிருந்தது. நிலநடுக்கப் பொறியியலில் உலகுக்கு ஆசான் என்று போற்றப்படும் நாட்டில் நடந்தது இது. கான்கிரீட் தூணில் வளையம் குறைந்தால் வார்ப்பதற்கு முன் கண்ணால் எண்ணிப் பார்த்துவிடலாம். எண்ணெய்க் கலத்துக்குள் என்ன இருக்கிறது என்று கட்டட உரிமையாளர் எப்படிப் பார்ப்பார்? தனித்த ஆய்வுக்கூடச் சோதனையும், நிறுவியபின் நெடுங்காலக் கண்காணிப்பும் இல்லாத சூழலில், எண்ணெயும் அடைப்பு வளையமும் இல்லாத உராய்வு அல்லது எஃகுத் தணிப்பானே பொருத்தமானது என்பது என் கருத்து. திறமையில் ஒரு படி குறைந்தாலும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

எது முதலில்

2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியில் 7.7 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் நொறுங்கி நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். விழுந்தவற்றில் பலவற்றுக்கு ஒரு பொதுக்குணம்: மேல்மாடிகளில் செங்கல் சுவர்கள், தரைத்தளத்தில் வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும். மேலே விறைப்பு, கீழே தளர்ச்சி. உடைய வேண்டிய இடத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அது தரைத்தளத் தூணாகத் தானே அமைந்துவிட்டது. ‘ஸ்டில்ட்’ என்று நாம் அழைக்கும் அந்த அமைப்பு சென்னையின் தெருக்களில் சாதாரணம். சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் இருக்கிறது.

தூணின் வளையக் கம்பி முனைகளை 135 பாகை மடித்து உள்ளே செருகவேண்டும் என்கிறது ஐ.எஸ். 13920. கம்பி கட்டுபவர் அவசரத்தில் 90 பாகையோடு நிறுத்தினால், மேற்பூச்சு உதிர்ந்தவுடன் வளையம் திறந்துகொள்ளும். அதன்பின் உச்சியில் எந்த ஊசல் தொங்கினாலும் அந்தத் தூணுக்குத் தெரியாது. நம் நகரங்களிலும் நாற்பது ஐம்பது மாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. தணிப்பான் என்ற சொல்லும் விற்பனைக் கையேடுகளுக்கு வந்து சேரும். அங்கே வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் தரைத்தளத்தின் கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, மேல்மாடியின் வெட்டுச்சுவர்கள் கீழேயும் இறங்கி நிற்கின்றனவா என்று ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். அதற்குப் பிறகு தணிப்பான் எங்கே, எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள்.